ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை: தவக்காலத்தின் நாற்பது நாள் எதற்காக?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்கும்போது கிறிஸ்தவ வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இந்தத் தவக்காலத்துக்கு நீ எதை விடப்போற?" கறி, காபி, சினிமா, சீரியல், இப்போதெல்லாம் ரீல்ஸ். பதில் சட்டென்று வந்துவிடும். நாற்பது நாளும் பலர் உறுதியாகவே இருப்பார்கள். ஈஸ்டர் மதியம் பிரியாணி, திங்கட்கிழமை காலை காபி, அன்று இரவே மறுபடி ரீல்ஸ். விட்டதெல்லாம் விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும்.

மனவலிமை போதவில்லை என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. தவக்காலம் எதற்காக ஏற்பட்டது என்பது தெளிவாகாமலேயே அதற்குள் நுழைகிறோம். அது எப்படித் தோன்றியது, உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால், ஈஸ்டருக்குப் பிறகும் எது நிற்கும், எது நிற்காது என்பதும் பிடிபடும்.

சில சொற்கள்

கத்தோலிக்கர்கள் "தவக்காலம்" என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் "லெந்து நாட்கள்" என்பது வழக்கம். லெந்து என்பது ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது; பகல் நீளத் தொடங்கும் வசந்தகாலம் என்பதே அதன் பழைய பொருள். லத்தீனில் "குவாத்ராஜேசிமா", கிரேக்கத்தில் "தெஸ்ஸரகோஸ்தே". இரண்டும் நாற்பது என்ற எண்ணைக் குறிப்பவை. தமிழ்ப் பெயரோ செய்யவேண்டிய வேலையையே சொல்லிவிடுகிறது.

அடிக்கடி குழம்பிப்போகும் நான்கு சொற்கள் உண்டு.

1. ஒருசந்தி: ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு. மற்ற இரு வேளையும் கொஞ்சமாக ஏதாவது சாப்பிடலாம்.

2. சுத்தபோசனம்: இறைச்சியைத் தவிர்ப்பது. இது உணவின் வகையைப் பற்றியது, ஒருசந்தி அளவைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல.

3. ஒறுத்தல்: நமக்கு உரிமையுள்ள, தவறே இல்லாத ஒன்றை அன்புக்காக நாமே விட்டுக்கொடுப்பது. காபி குடிப்பது பாவமல்ல, அதனால்தான் அதை விடுவது ஒறுத்தல் ஆகிறது. பொய் சொல்வதை விடுவது ஒறுத்தல் அல்ல. அது எந்த நாளும் செய்யவேண்டியது.

4. மனமாற்றம்: கிரேக்கத்தில் "மெத்தனோயா", எண்ணமே மாறுவது. பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் இதற்குரிய வினைச்சொல்லுக்குத் "திரும்புதல்" என்று பொருள். சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் யோவேல் நூல் பகுதியில் கடவுள் கேட்பது இதைத்தான்: உடையைக் கிழிக்கவேண்டாம், இதயத்தைக் கிழித்துக்கொண்டு என்னிடம் திரும்பி வாருங்கள்.

திரும்புதல் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளவேண்டும். திரும்பி நடக்கத் தொடங்கியவர் நாற்பது நாள் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றால், அவர் திரும்பவில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார்.

நாற்பதா, நாற்பத்தாறா?

2026-ஐ எடுத்துக்கொள்வோம். சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. நடுவில் ஆறு ஞாயிறுகள். ஞாயிறு என்பது இயேசுவின் உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது என்பது பழைய மரபு. ஆறைக் கழித்தால் நாற்பது.

இன்னொரு கணக்கும் உண்டு. தவக்காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழன் வரை ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணினாலும் நாற்பது வரும். பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் 2 வரை எண்ணிப் பார்க்கலாம். இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கின்படி பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே தவக்காலம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஈஸ்டர் வரை வருவது பாஸ்கா முந்நாள்.

சாம்பல் புதன் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 604-இல் இறந்த திருத்தந்தை பெரிய கிரகோரியார் காலத்தில் உரோமையில் ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு நாள் என 36 நோன்பு நாட்களே இருந்தன. ஆண்டின் நாட்களில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுப்பது என்று அவர் அதற்கு விளக்கம் சொன்னார். நாற்பதை நிறைவு செய்ய முன்னால் நான்கு நாட்களைச் சேர்த்தது அவருக்குப் பின்னால்தான். கிழக்குத் திருச்சபைகள் இன்றும் திங்கட்கிழமையில் தொடங்குகின்றன. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இதையே "அம்பது நோம்பு" என்று கடைப்பிடிக்கிறார்கள்.

விவிலியத்தில் இருக்கிறதா?

பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்த நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. நேர்மையான பதில்: "ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் நோன்பிருங்கள்" என்ற கட்டளை விவிலியத்தில் இல்லை. இயேசு பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார், மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தார், எலியா ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடந்தார். அந்த எண்ணிலிருந்து திருச்சபை தனக்கு ஒரு பழக்கத்தை அமைத்துக்கொண்டது. அதுவும் ஒரே நாளில் அமையவில்லை.

ஏறத்தாழ 190-ஆம் ஆண்டில் இரனேயு என்ற ஆயர் (பிஷப்) எழுதிய கடிதமொன்றில், ஈஸ்டருக்கு முன் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் நோன்பிருக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதியில் "நாற்பது நாள்" என்ற பெயர் வருகிறது. அது வரும் இடத்தைக் கவனிக்கவேண்டும். ஆயர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடிப் பிணக்குகளைத் தீர்க்கவேண்டும். அதில் ஒரு கூட்டம் நாற்பது நாளுக்கு முன்பே நடக்கட்டும், மனக்கசப்பெல்லாம் நீங்கிக் கடவுளுக்குத் தூய காணிக்கை செலுத்தும்படி. தவக்காலத்தின் பெயர் வரலாற்றில் தலைகாட்டும்போதே அதன் பக்கத்தில் நிற்பது சாப்பாடு அல்ல, சமாதானம்.

நாற்பது நாளை நிரப்பியவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று, ஈஸ்டர் இரவில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். இன்னொன்று, பெரிய பாவங்களுக்காகச் சபையிலிருந்து விலக்கப்பட்டு, பெரிய வியாழனன்று மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படக் காத்திருந்தவர்கள். மற்ற விசுவாசிகள் இவர்களோடு துணைக்கு நின்று நோன்பிருந்தார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில் இதை நினைவுபடுத்தியது: தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, ஒறுத்தல் என்று இரண்டு முகங்கள்; ஒறுத்தல் உள்ளத்தில் மட்டும் நின்றுவிடாமல் சமூகத்திலும் தெரியவேண்டும்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது, கட்டுரை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. திருமுழுக்குக்குத் தயாரானவருக்கு ஈஸ்டர் என்பது நோன்பு முடிந்த நாள் அல்ல, புதிய வாழ்க்கையின் முதல் நாள். விலக்கப்பட்டிருந்தவருக்கு அது வீடு திரும்பிய நாள். இருவரில் யாரும் திங்கட்கிழமை பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப்போக நினைத்திருக்கமாட்டார்கள். நாம்தான் தொடக்கத்துக்கான தயாரிப்பை முடிவுள்ள ஒரு பந்தயமாக்கிவிட்டோம்.

சட்டம் கேட்பது எவ்வளவு?

மிகக் குறைவு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் நோன்புச் சட்டத்தைத் திருத்தி அமைத்தார். 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதையே பின்பற்றுகிறது.

1. ஒருசந்தி: சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை.

2. சுத்தபோசனம்: மேற்சொன்ன இரண்டு நாட்களோடு வெள்ளிக்கிழமைகள். 14 வயது நிறைந்தவர்களுக்கு.

3. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடும் உடலுழைப்பில் இருப்பவர்கள் தங்களை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளை உணவைக்கூடத் தள்ளிப்போடக்கூடாது. அது பக்தி ஆகாது.

மீன் சாப்பிடலாமா என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில், சாப்பிடலாம். இறைச்சி என்ற சொல்லில் மீன் அடங்காது. நம் ஊர்களில் பலர் மீனையும் முட்டையையும் சேர்த்தே விடுகிறார்கள், அது அவர்களுடைய விருப்பம். ஆனால் வெள்ளிக்கிழமை கோழிக்குப் பதிலாக இரண்டு மடங்கு விலை கொடுத்து வஞ்சிரம் வாங்கிப் பொரித்தால், சட்டம் மீறப்படவில்லை என்றாலும் எளிமை என்ற நோக்கம் அங்கே இல்லை.

சட்டம் இவ்வளவு லேசாக இருப்பது ஒரு குறை அல்ல. மீதியை நீயே அன்போடு தேர்ந்தெடு என்று திருச்சபை விட்டிருக்கிறது. அந்தத் தேர்வில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறோம்.

அந்தியோக்கியா, 387

தேர்வை எப்படிச் செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம், 1600 ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரம் நடுங்கிக்கொண்டிருந்த தவக்காலத்தில் கிடைக்கிறது.

387-இன் தொடக்கத்தில் உரோமைப் பேரரசர் தெயோதோசியு புதிய வரி ஒன்றை விதித்தார். இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தியோக்கியா நகரத்து மக்கள் கொதித்தெழுந்தார்கள். கூட்டம் அரச குடும்பத்தின் சிலைகளைக் கீழே தள்ளித் தெருவில் இழுத்துச் சென்றது. அரசரின் சிலையை உடைப்பது அரசரையே தாக்கியதற்குச் சமம். கலவரம் அடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. கைதுகள், தண்டனைகள், நகரையே அழித்துவிடுவார்கள் என்ற வதந்தி. வயது முதிர்ந்த ஆயர் ஃப்ளாவியன் மன்னிப்புக் கேட்கத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டுப் போனார். கடைத்தெரு வெறிச்சோடியது, கோவில் நிரம்பி வழிந்தது.

அந்தக் கோவிலில் பிரசங்கம் செய்தவர் குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த யோவான். பிற்காலத்தில் "கிறிசோஸ்தோம்", அதாவது பொன்வாய், என்று அவரை அழைத்தார்கள். உயிர்ப் பயத்தில் இருக்கும் மக்கள் எதைச் சொன்னாலும் கேட்பார்கள், எவ்வளவு கடுமையான நோன்பையும் ஏற்பார்கள். அவர் கேட்டது மூன்று: யாரைப் பற்றியும் தீதாகப் பேசாதீர்கள், யாரையும் பகைவராக வைத்துக்கொள்ளாதீர்கள், சத்தியம் செய்யும் பழக்கத்தை வாயிலிருந்து துரத்துங்கள்.

மூன்றிலும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டது கடைசியை. கடைத்தெருவில் பேரம் பேசும்போதும் வீட்டில் வேலைக்காரரைத் திட்டும்போதும் "சத்தியமாக" என்று ஆணையிட்டே பேசிப் பழகியிருந்த மக்கள் அவர்கள். "என் பிள்ளைமேல் சத்தியம்" என்று நம் சந்தைகளிலும் கேட்கிறதே, அதே பழக்கம்தான். பிரசங்கத்துக்குப் பிரசங்கம் அதே பேச்சு. கேட்பவர்களுக்குச் சலிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் திருந்தும்வரை நான் நிறுத்தப்போவதில்லை என்றார்.

கூடவே நோன்பைப் பற்றிய தவறான எண்ணங்களையும் உடைத்தார். கோழியையும் மீனையும் விட்டுவிட்டுச் சகோதரனைக் கடித்துத் தின்கிறோமே, என்ன பயன் என்று கேட்டார். எத்தனை வாரம் நோன்பிருந்தாய் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறீர்கள். அப்படி யாராவது கேட்டால், எனக்கு ஒரு பகைவன் இருந்தான், ஒப்புரவாகிவிட்டேன். புறம்பேசும் பழக்கம் இருந்தது, நிறுத்திவிட்டேன் என்று பதில் சொல்லுங்கள் என்றார். பாதி நோன்பு கழிந்தபோது மக்கள் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டதையும் விடவில்லை. பாதி நாட்கள் போனதற்காகச் சந்தோஷப்படவேண்டாம், பாதிப் பாவங்கள் போயினவா என்று பாருங்கள் என்றார்.

ஈஸ்டருக்கு மன்னிப்போடு திரும்பினார் ஃப்ளாவியன். நகரம் பிழைத்தது. நமக்கு அதைவிட முக்கியம் அந்தக் குரு கையாண்ட முறை. நகரமே அழியும் என்ற நிலையிலும் அவர் மக்களிடம் அசாத்தியமானதைக் கேட்கவில்லை. நாக்கின் நுனியில் இருக்கும் ஒரு சிறு பழக்கம். ஒவ்வொரு நாளும் பத்து முறை சோதனைக்கு உள்ளாகும் பழக்கம். நோன்பு முடிந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லாத பழக்கம். கடைசியாகச் சொன்ன இந்தக் குணத்தில்தான் விஷயமே இருக்கிறது. இறைச்சியை நாற்பது நாள் விட்டவர் நியாயமாகவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். புறம்பேசுவதை நாற்பது நாள் விட்டவர், ஈஸ்டரன்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வெட்கப்படுவார்.

அப்படியானால் உணவு நோன்பு எதற்கு?

கிறிசோஸ்தோமும் உணவு நோன்பை விடச் சொல்லவில்லை. பசி ஒரு பயிற்சிக்களம். ஒரு டம்ளர் காபியை "இப்போது வேண்டாம்" என்று சொல்லப் பழகிய மனசு, கோபம் பொங்கும்போதும் "இப்போது வேண்டாம்" என்று சொல்லக் கொஞ்சம் பழகியிருக்கும். அதற்காகத்தான் திருச்சபை செபம், நோன்பு, தர்மம் மூன்றையும் பிரிக்காமல் சொல்கிறது. சாம்பல் புதன் நற்செய்தியான மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. 5-ஆம் நூற்றாண்டில் ராவென்னாவின் ஆயராக இருந்த பேதுரு கிறிசோலோகுவும் இம்மூன்றில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் எதுவுமே இல்லை என்று பிரசங்கித்தார்.

நோன்பு தர்மத்தோடு இணைவது கணக்கில் தெரியவேண்டும். 2-ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ஒரு நூலே இதற்கு வழி சொல்கிறது: நோன்பு நாளில் நீ சாப்பிடாமல் விட்டதன் செலவைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ ஏழைக்கோ கொடு. பசித்தவரோடு உணவைப் பகிர்வதுதான் நான் விரும்பும் நோன்பு என்று எசாயா 58-ஆம் அதிகாரம் சொல்வதன் நடைமுறை இது. மிச்சம் பிடித்த காசு நம் கையிலேயே தங்கினால் அது சிக்கனம்தான்.

இந்த இடத்தில் நம் சபைகளில் பெண்கள் காத்துவந்த ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும்: பிடி அரிசிக் காணிக்கை. உலை வைக்க அரிசி அளந்து, கழுவப்போகும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் கோவிலுக்குப் போகும். ஒரு பிடி குறைந்ததை அந்த வேளையில் சாப்பிடுபவர் யாரும் உணரமாட்டார்கள். ஆனால் சமைக்கும் கை ஒவ்வொரு நாளும் ஒருமுறை நிற்கிறது, நினைக்கிறது, கொடுக்கிறது. செபமும் நோன்பும் தர்மமும் அந்த ஒரு அசைவில் இருக்கின்றன. அதற்கென்று நாற்பது நாள் கெடுவும் கிடையாது. நிலைக்கும் ஆன்மிக வளர்ச்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் அந்தப் பானையைத்தான் காட்டுவேன்.

ஏன் நிற்பதில்லை?

1. காலியாக விட்ட இடம். லூக்கா 11-இல் இயேசு சொல்லும் வீட்டுக் கதை நினைவிருக்கலாம். வெளியேறிய தீய ஆவி திரும்பி வந்து பார்க்கிறது; வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருக்கிறது. தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளையும் கூட்டி வந்து குடியேறுகிறது. இரவில் ரீல்ஸ் பார்த்த ஒரு மணி நேரத்தை வெறுமனே விட்டால், அந்த நேரம் தன் பழைய சொந்தக்காரரையே தேடும்.

2. அளவுக்கு மீறிய உறுதி. முதல் வாரத்திலேயே காலை மூன்று மணிக்கு எழுந்து செபம், ஒருவேளைச் சாப்பாடு, தினமும் திருப்பலி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வது. இரண்டாவது ஞாயிறுக்குள் உடல் கேட்காது.

3. யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பது. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 49-ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. துறவியின் வாழ்வு ஆண்டு முழுதுமே தவக்காலம் போல் இருக்கவேண்டும், ஆனால் அந்த வலிமை சிலருக்கே உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். பிறகு, உணவிலோ தூக்கத்திலோ வீண் பேச்சிலோ ஒவ்வொருவரும் மகிழ்ச்சியோடு கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும்; ஆனால் எதை விடப்போகிறார் என்பதை மடாதிபதியிடம் முன்பே சொல்லி அனுமதி பெறட்டும் என்கிறார். சொல்லாமல் செய்தால் அது தற்பெருமையாகிவிடும்.

நோன்பை மறைவில் செய் என்று மத்தேயு 6 சொல்கிறதே, இது முரண்பாடு இல்லையா? இல்லை. அங்கே தடுக்கப்படுவது புகழுக்காகக் காட்டிக்கொள்வது. இங்கே சொல்லப்படுவது நம் அளவைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் மனம் திறப்பது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் ஆன்ம குருவிடமோ மனைவியிடமோ சொல்வதும் ஒன்றாகாது.

4. நாட்கள் போதாமை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆக, பலருக்கு நாற்பதாவது நாளில் பழக்கம் இன்னும் வழியில்தான் இருக்கும். அருள் இல்லாமல் பழக்கம் மட்டும் ஆன்மிகம் ஆகாது. ஆனால் அருள் வேலை செய்வதும் நம் உடம்பிலும் பழக்கங்களிலும்தான்.

இந்த முறை எப்படி அணுகலாம்?

1. சாம்பல் புதனுக்கு முந்தைய வாரத்தில், எதை விடலாம் என்று யோசிக்கும் முன் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்கிட்ட எது உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்துது?" பதில் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி இருக்காது. கோபம், போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவது, பிள்ளைகளை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது. தவக்காலத்துக்கான வேலை அங்கே இருக்கிறது.

2. ஒன்றை எடுங்கள், அதன் இடத்தில் ஒன்றை வையுங்கள். போன் இருந்த இரவு நேரத்தில் பத்து நிமிடம் நற்செய்தி. பெனடிக்டின் மடத்தில் தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுப்பார்கள், முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்கவேண்டும். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள். நாற்பது நாளில் நிதானமாக இரண்டு முறைக்குமேல் படிக்கலாம்.

3. தேர்ந்தெடுத்த பிறகு ஒரு சோதனை: ஜூன் மாதம், பள்ளி திறந்து, வீடு அல்லோலகல்லோலப்படும் வாரத்திலும் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்று தோன்றினால் அளவைக் குறையுங்கள். உணவு ஒறுத்தலுக்கு இந்தச் சோதனை தேவையில்லை, அது தவக்காலத்தோடு முடிவதுதான் முறை.

4. ஞாயிறு ஓய்வு உணவுக்கு உண்டு. ஆனால் திட்டாமல் இருப்பதற்கு ஞாயிறு விடுமுறை கிடையாது.

5. நடுவழியில் நின்று பாருங்கள். நான்காம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு; குருக்கள் ஊதா நிறத்துக்குப் பதில் ரோஜா நிற உடை அணியலாம். 2026-இல் அது மார்ச் 15. பாதிப் பாவங்கள் போயினவா என்ற கிறிசோஸ்தோமின் கேள்வியைக் கேட்டுக்கொள்ள அந்த நாள் பொருத்தமானது.

தவறிவிட்டால்?

தவறுவோம். பத்தாவது நாள் கத்திவிடுவோம், பதினைந்தாவது நாள் செபம் விட்டுப்போகும். "அவ்வளவுதான், இந்த வருஷத் தவக்காலம் போச்சு" என்று முழுவதையும் விட்டுவிடுவதுதான் உண்மையான இழப்பு. மேலே சொன்ன ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் கோவிலைச் சுற்றி நடக்கும் சிலுவைப் பாதையில் 14 நிலைகள். அதில் மூன்றாம் நிலை, ஏழாம் நிலை, ஒன்பதாம் நிலை மூன்றும் ஒரே நிகழ்ச்சி: இயேசு கீழே விழுகிறார். ஒவ்வொரு முறையும் நாம் முழங்காலிடுகிறோம், எழுந்து அடுத்த நிலைக்கு நடக்கிறோம். விழுவதையும் எழுவதையும் உடம்பைக்கொண்டே பழக்கித் தருகிறது அந்தப் பக்திமுயற்சி. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம், பழைய பேச்சில் பாவசங்கீர்த்தனம், இதற்காகவே இருக்கிறது. பெரிய வாரத்து நெரிசலில் இரண்டு நிமிடத்தில் முடிப்பதைவிட, தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் போவது நல்லது.

முடியும் இடம்

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. போன வருடக் குருத்து ஞாயிறில் "ஓசன்னா" பாடிக் கையில் பிடித்த ஓலைதான். வீட்டில் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்து, ஒரு வருடம் காய்ந்து, திரும்பக் கோவிலுக்குப் போய் எரிந்து சாம்பலாகிறது. "மனம் மாறி நற்செய்தியை நம்பு" என்று சொல்லிக் குரு அதைப் பூசுகிறார்.

நாற்பது நாள் கழித்து, ஈஸ்டர் இரவில் எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடித்தபடி அதற்குப் பதில் சொல்கிறோம். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று குரு கேட்கிறார். "விட்டுவிடுகிறோம்." கடவுளை நம்புகிறீர்களா? "நம்புகிறோம்." நாற்பது நாளும் இந்த இரண்டு பதிலையும் உண்மையாகச் சொல்வதற்கான தயாரிப்புதான்.

அந்த இரவில் தொடங்கும் பாஸ்கா காலம், அதாவது ஈஸ்டர் காலம், தூய ஆவியின் பெருவிழாவான பெந்தெகோஸ்தே வரை ஐம்பது நாள். 2026-இல் அது மே 24-இல் முடிகிறது. நாற்பதும் ஐம்பதுமாகத் தொண்ணூறு நாள். நோன்பை முடித்துக்கொள்ளுங்கள், கறி சாப்பிடுங்கள், காபி குடியுங்கள்; அது பெருவிழா. இரவு பத்து நிமிட நற்செய்தியையும், அரிசிப் பானையையும், வீட்டாரிடம் அடக்கிப் பேசப் பழகிய குரலையும் மட்டும் அந்த ஐம்பது நாளுக்குள் எடுத்துக்கொண்டு போங்கள்.